சைக்கிளின் பின்சக்கரத்துப் பற்கள்

கியர் இல்லாத சைக்கிள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கைப்பிடியில் விசை இல்லை. பின்னே அடுக்கடுக்கான பற்சக்கரங்கள் இல்லை. ஆகவே கியரும் இல்லை என்பது நம் எண்ணம். ஆனால் சங்கிலி பூட்டிய எந்தச் சைக்கிளிலும் கியர் உண்டு. மிதிகட்டைகளோடு சேர்ந்து சுழலும் முன் பற்சக்கரத்தில் எத்தனை பற்கள், பின்சக்கரத்தில் பூட்டியுள்ள பிரீவீலில் எத்தனை பற்கள் என்னும் கணக்குத்தான் கியர். சாதாரண வண்டியில் அந்தக் கணக்கு ஒன்றே ஒன்று. ஓடும்போது அதை மாற்ற இயலாது, அவ்வளவே. வண்டியை நிறுத்திக் கடையில் மாற்றலாம். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. செலவோ புதிய வண்டியின் விலையில் மிகச் சிறிய பகுதி. இப்படி ஒரு வழி இருப்பதை அறியாமலே பல ஆண்டுகள் முழங்காலை வருத்திக்கொள்வோர் நம்மவருள் பலர்.

மும்பையில் எனக்குத் தெரிந்த ஓர் அன்பர் அத்தகையவர். தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தையும் சட்னித் தூக்குகளையும் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்படுபவர். மும்பைவாசிகளுக்கு இது பழகிய காட்சி. கொம்பு ஊதும் ஒலி கேட்டதும் மாடிக் குடியிருப்புகளிலிருந்து பாத்திரங்களுடன் ஆட்கள் இறங்கி வருவார்கள். பாந்த்ராவில் பாலி ஹில் பக்கம் இவருக்கு நல்ல வாடிக்கை. ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் ஏற்றம். சில மாதங்களாக வலது முழங்கால் வலி. வண்டியை விற்றுவிட்டு, கடன் வாங்கிப் பழைய மொபெட் ஒன்று வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் அவருடைய வண்டியின் பற்களை எண்ணினேன். முன்னே 44, பின்னே 18.

அந்த 44-உம் 18-உம் அவருடைய வண்டிக்கு எவ்வாறு வந்தன? நம் நாட்டுச் சாதாரண சைக்கிளின் அமைப்பு இங்கிலாந்தின் சாலை வண்டியைப் பின்பற்றியது. 28 அங்குலச் சக்கரம், கனத்த சட்டம், கம்பி பிரேக். அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டிலும், சோனிப்பட்டில் 1951-ஆம் ஆண்டிலும், லூதியானாவில் 1956-ஆம் ஆண்டிலும் தொடங்கிய பெருந்தொழில்கள் அந்த அமைப்பையே நாடெங்கும் பரப்பின. முன்னே 44 அல்லது 48 பற்கள், பின்னே 18 பற்கள் என்பது பெருவழக்காயிற்று. ஓர் ஆள், சமமான சாலை, சிறிய சுமை என்ற நிலைக்கு இது நல்ல கணக்கு. தொழிற்சாலைக்கு வேறு வழியும் இல்லை. கங்கைச் சமவெளிக்கு ஒன்று, மேட்டு நிலத்துக்கு மற்றொன்று என்று பிரித்தனுப்ப இயலாது. ஆகவே ஊருக்கும் சுமைக்கும் ஏற்றபடி திருத்திக்கொள்வது வாங்கியவர் பொறுப்பாகிறது.

கியரை அளக்கும் முறை பழையது. சங்கிலி வருவதற்கு முன், முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் இருந்த வண்டிகள் ஓடின. மிதிகட்டைகள் பெரிய சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தன. ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. ஆகவே வேகம் வேண்டியவர் பெரிய சக்கரம் வாங்கவேண்டும். ஆனால் கால் எட்டும் அளவுக்குமேல் சக்கரம் பெரிதாக முடியாது. நெட்டையான ஆள் 56 அல்லது 58 அங்குலம் வரை ஏறி ஓட்டினார். 1885-ஆம் ஆண்டில் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டி இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. சிறிய சக்கரத்தையே, பற்களின் விகிதத்தால், பெரிய சக்கரம்போல் ஓடச்செய்தது. அப்பழக்கத்தில் வந்ததுதான் ‘அங்குல’க் கணக்கு. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்துச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்க வேண்டும். 44-ஐ 18-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 68 அங்குலம். அதாவது நம் இட்லிக்கார அன்பர், ஆளுயரமுள்ள ஒரு சக்கரத்தின்மீது சுமையை வைத்துக்கொண்டு நேரடியாக மிதித்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார் என்று பொருள். அந்தக் காலத்து நெட்டைக்காரர்கள் சுமையின்றி நல்ல சாலையில் ஓட்டிய சக்கரமே இதைவிடச் சிறியது.

பின்னே 18-க்குப் பதில் 22 பற்கள் பூட்டினால் விகிதம் சரியாக இரண்டு; கியர் 56 அங்குலம். 20 பற்கள் பூட்டினால் ஏறக்குறைய 62. முன்னே 48, பின்னே 18 உள்ள வண்டியில் இது கிட்டத்தட்ட 75 வரை போகும். அத்தகைய வண்டியில் சுமையேற்றி மேடு ஏறுவது உண்மையிலேயே கொடுமை.

அங்குலக் கணக்கு சிலருக்கு மனத்தில் பதிவதில்லை. அவர்கள் தூரத்தைக் கொண்டு பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.23 மீட்டர் உருளும். 44-க்கு 18 என்றால் மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி 5.46 மீட்டர் செல்கிறது. 44-க்கு 22 என்றால் 4.47 மீட்டர்தான் செல்கிறது. அந்த ஒரு மீட்டர்தான் இழப்பு; காலுக்கு இலாபமும் அதிலிருந்தே வருகிறது.

எவ்வளவு இலாபம் என்று பார்ப்போம். ஆள் 55 கிலோ, வண்டி 20 கிலோ, சுமை 25 கிலோ. ஆக 100 கிலோ என்று கொள்வோம். 20 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் மேட்டில், இந்த 100 கிலோவில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோ எடை, வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கின் நீளம் ஆறரை அங்குலம் எனில், ஒரு சுற்றில் பாதம் செல்லும் தூரம் 1.04 மீட்டர். அதே நேரத்தில் வண்டி 5.46 மீட்டர் செல்கிறது, ஐந்தேகால் மடங்கு. ஆகவே பாதம் சராசரியாக 26 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். 22 பற்கள் பூட்டினால் இது 21½ கிலோவாகக் குறையும். இவை சராசரியே. மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது அழுத்தம் பயன்படுவதில்லை. முன்னே கிடைநிலையில் வரும்போது ஒன்றரை மடங்குக்கும் மேலாக அழுத்த வேண்டியிருக்கிறது. அப்படியானால் 18 பற்களில் முழங்கால் தாங்குவது 40 கிலோவுக்கு மேல். 22 பற்களில் சுமார் 34 கிலோ. டயரின் உராய்வும் காற்றும் சேர்ந்தால் இரண்டும் இன்னும் சற்று ஏறும். நிமிடத்துக்கு ஐம்பது முறை, நாள்தோறும், ஆண்டு முழுவதும் என்று பெருக்கிப் பார்த்தால் இந்த ஆறேழு கிலோ அற்பமன்று.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பற்சக்கரத்தை மாற்றினால் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிடாது. அதே சுமையை அதே உயரத்துக்கு ஏற்ற அதே உழைப்பு வேண்டும். உயரமான படிகள் சிலவற்றைத் தாண்டி ஏறுவதற்குப் பதில் தாழ்ந்த படிகள் பலவற்றில் ஏறுகிறோம். இளைஞன் உயரமான படியை விரும்பலாம். நாற்பது வயதுக்குமேல் தாழ்ந்த படியே நல்லது.

வேகம் போய்விடுமே என்று அன்பர் அஞ்சினார். நியாயமான அச்சம். ஏழு மணிக்குமேல் இட்லிக்குக் காத்திருப்போர் இல்லை. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் 18 பற்களில் மணிக்குச் சுமார் 19½ கிலோமீட்டர் செல்வார். 22 பற்களில் 16 கிலோமீட்டர். 6 கிலோமீட்டர் வழிக்கு நான்கு நிமிடம் கூடுதல். ஆனால் சுமையோடு செல்பவர் யாரும் 19 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதில்லை. அவர் உண்மையில் செல்வது 14 கிலோமீட்டர் வேகத்தில் என்றால், 18 பற்களில் கால் நிமிடத்துக்கு 43 முறை மெல்ல மெல்ல, அழுத்தி அழுத்திச் சுற்றுகிறது. 22 பற்களில் அதே வேகத்துக்கு 52 முறை இலேசாகச் சுற்றுகிறது. இந்தப் பின்னதுதான் முழங்காலுக்கு உகந்தது. பெரிய கியரில் மெதுவாக மிதிப்பது வலிமைக்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எனினும், பற்சக்கரத்தில் கைவைப்பதற்குமுன் மற்றவற்றைப் பார்த்துவிட வேண்டும். வண்டி கனக்கிறது என்று முறையிடுவோருள் பாதிப்பேருக்குக் குறை கியரில் இல்லை. டயரில் காற்றுப் போதாது. அல்லது பிரேக் கட்டை விளிம்பில் உரசிக்கொண்டிருக்கும். அல்லது சங்கிலி எண்ணெயைக் கண்டு மாதங்கள் ஆகியிருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றி நெடுநேரம் சுழல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் இருக்கையின் உயரம். நிறுத்தும்போது இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காக நம்மவர் இருக்கையை மிகத் தாழ்த்திவிடுகின்றனர். முழங்கால் மடங்கிய நிலையிலேயே அழுத்தினால் எந்தக் கியரும் வலிக்கத்தான் செய்யும். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீளவேண்டும். இட்லிக்கார அன்பரின் இருக்கையை நான் முதலில் இரண்டு அங்குலம் உயர்த்தினேன். ஒரு வாரத்தில் வலி சற்றுத் தணிந்தது, ஆனால் நீங்கவில்லை. அதன் பிறகே கடைக்குப் போனோம்.

முன் பற்சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் இதே பயன் கிடைக்கும். ஆனால் நம் சாதாரண வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன் பற்சக்கரமும் வலது கிராங்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருக்கும். காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றி, முழுவதையும் மாற்ற வேண்டும். இறுகிப்போன காட்டர் பின் சுத்தியல் அடிக்கு வளைந்துவிடுமே தவிர எளிதில் வெளிவராது. பிரீவீலை மாற்றுவதே சிக்கனமும் சுலபமும் ஆகும்.

எத்தனை பற்கள் வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. கொல்கத்தாவில் சமமான தெருக்களில் கைப்பையோடு அலுவலகம் செல்பவர் 18 பற்களைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. பெங்களூரின் ஏற்ற இறக்கங்களில் பிள்ளையைப் பின்னே ஏற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்பவருக்கு 20 போதும். நாள்தோறும் கனத்த சுமையோடு மேடு ஏறுபவருக்கு 22. தேர்ந்தெடுக்கும்போது பலர் செய்யும் தவறு, வெறும் வண்டியில் திரும்பிவரும் சுகத்தை எண்ணிப் பார்ப்பது. ஒரே கியர் உள்ள வண்டியில் எல்லா நேரத்துக்கும் பொருந்தும் அளவு கிடையாது. நாளின் மிகக் கடினமான கால் மணி நேரம் எதுவோ அதற்கேற்பத் தேர்ந்துவிட்டு, மற்ற நேரத்தில் காலைச் சற்று விரைவாகச் சுழற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு கியரும் வேண்டும் என்பதற்காகப் பழைய பந்தயக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பின்சக்கர ஹப்பின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பற்சக்கரங்களைப் பூட்டிக்கொள்வார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, புறம் மாற்றிப் பூட்டிக்கொண்டு ஏறுவார்கள். இங்கிலாந்தில் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கும் அமைப்பு 1902-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தில், முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் கருவி 1937-ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலையில் கடுங்குளிரில் விரல் விறைக்க நட்டைத் திருகிக்கொண்டு நின்றவர்களை எண்ணினால், பாலி ஹில்லில் வேர்த்து நிற்பவர் சற்று ஆறுதல் அடையலாம்.

இனிச் சங்கிலிக் கணக்கு. நம் வண்டிகளின் சங்கிலியில் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடைவெளி அரை அங்குலம். ஓர் உட்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்த சோடி ஓர் அங்குலம். சங்கிலியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் சோடியாகத்தான் செய்யமுடியும். பிரீவீலில் இரண்டு பற்கள் கூடினால் சங்கிலி அரை அங்குலம் அதிகம் வேண்டும். ஆனால் சங்கிலியைத் தொடாமலே, சக்கரத்தின் அச்சைப் போர்க்கின் பிளவில் கால் அங்குலம் முன்னே தள்ளினால் சரியாகிவிடும். ஆகவே 18-இலிருந்து 20-க்குப் போவோர், பிளவில் முன்புறம் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 22-க்குப் போவோர் ஒரு சோடிக் கண்ணி சேர்த்துவிட்டால் அச்சு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும்.

ஆனால் தேய்ந்த சங்கிலியில் புதுக் கண்ணியைச் சேர்ப்பது பழந்துணியில் புதுத்துண்டு தைப்பதுபோல் ஆகும். 12 சோடி, அதாவது 12 அங்குலம் இருக்க வேண்டிய நீளம், அளந்து பார்க்கும்போது 12 அங்குலத்துக்குமேல் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் அந்தச் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. அதைப் புதுப் பிரீவீலில் பூட்டினால் அழுத்தும்போது பல்லிலிருந்து தாவும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் தாவினால் ஆள் கீழே விழுவான். பிரீவீலோடு சங்கிலியையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. முன் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதுவும் போயிற்று என்று அறிக.

பழைய பிரீவீலைக் கழற்றுவதுதான் இவ்வேலையில் வலிமை வேண்டும் பகுதி. அது மரையில் திருகப்பட்டது. நாம் மிதிக்க மிதிக்க அது மேலும் மேலும் இறுகும். சில ஆண்டுகள் ஓடிய வண்டியில் அது பாறைபோல் இறுகியிருக்கும். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக் கழற்றும் கடைகள் உண்டு. அத்தகைய இடத்தில் வண்டியை விடாதீர்கள், ஹப்பின் மரை கெட்டால் செலவு பன்மடங்காகும். பிரீவீலின் காடிகளில் பொருந்தும் கழற்றி ஒன்று உண்டு. அதை அச்சின் நட்டால் பிடித்துவைத்து, கழற்றியை மேசைப் பிடிப்பானில் இறுக்கி, சக்கரத்தையே இரு கைகளாலும் பிடித்து இடப்புறமாகத் திருப்ப வேண்டும். 28 அங்குலச் சக்கரமே நெம்புகோலாகிறது. சற்று அசைந்தவுடன் அச்சின் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் கழற்றியின் பல் உடையும். புதியதைப் பூட்டுமுன் மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கோணலாக ஏறினால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குக. கையால் இறுக்கினால் போதும். எஞ்சியதை உங்கள் கால் இறுக்கிக்கொள்ளும்.

சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு ஆகியவற்றின் கம்பிகள் அச்சில் முன்பு இருந்த வரிசையிலேயே அமைய வேண்டும். சங்கிலியின் நடுவே விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடவேண்டும். மிதியை மெல்லச் சுற்றிப் பல இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்து மற்றோரிடத்தில் விறைத்தால், விறைக்கும் இடத்தைக் கொண்டே அளவிடுக. இணைப்புக் கண்ணியின் பூட்டில் பிளவுள்ள வாய் சங்கிலி ஓடும் திசைக்குப் பின்புறமாக இருக்க வேண்டும். கம்பி பிரேக் உள்ள வண்டியில் அச்சு கால் அங்குலம் நகர்ந்தாலே பின்பிரேக்கின் கட்டைகளுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். இதைச் சரிசெய்யாமல் கடையைவிட்டுப் புறப்படுவது ஆபத்து. ஏற்றம் உள்ள ஊரில் இறக்கமும் உண்டல்லவா?

வெளிமாநிலத்தில் கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சிலர் தயங்குவர். பிரீவீல் என்ற சொல் எங்கும் புரியும். பல்லின் எண்ணிக்கையை மட்டும் அவ்வூர் மொழியில் சொன்னால் போதும். இந்தி வழங்கும் ஊர்களில் 22-க்குப் ‘பாயீஸ் தாந்த்’. மும்பையிலும் புனேயிலும் மராத்தியில் ‘பாவீஸ் தாத்’. பெங்களூரில் ‘இப்பத்தெரடு ஹல்லு’. கையில் வாங்கியதும் நீங்களே ஒருமுறை எண்ணிவிடுங்கள். எண்ணத் தொடங்கும் பல்லில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தவறாது.

இட்லிக்கார அன்பர் 22 பற்கள் பூட்டி, சங்கிலியும் மாற்றிக்கொண்டார். முதல் மூன்று நாட்கள் கால் வீணாகச் சுழல்வதுபோல் இருக்கிறதென்று குறைபட்டார். அந்த உணர்ச்சி எல்லோருக்கும் வருவதே. பாலி ஹில்லின் மிகச் செங்குத்தான பகுதியில் இன்றும் இறங்கித் தள்ளித்தான் செல்கிறார். அதற்கு முந்திய நீண்ட ஏற்றத்தை இப்போது இருக்கையிலிருந்து எழாமலே கடந்துவிடுகிறார். மொபெட் பேச்சு எழவில்லை. கழற்றிய 18 பல் பிரீவீலை எறிந்துவிட இருந்தார். நான்தான் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். அவருடைய மகன் கொல்கத்தாவில் வேலை கிடைத்து அந்த வண்டியைக் கொண்டுசெல்லப் போகிறானாம். அங்கே அது மறுபடி தேவைப்படும்.